அரியலூருக்கு வேண்டிய என்ஜினீயர்

திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் பழைய படத்தை விரித்துப் பார்ப்பவர்கள், அதன் வடகிழக்குப் பாகத்தில் பெரம்பலூர், அரியலூர், உடையார்பாளையம் என்னும் பெயர்களைக் காண்பார்கள். வானம் பார்த்த பூமி. முந்திரியும் சோளமும் கடலையும் விளையும் செம்மண் காடு. 1995-ஆம் வருஷத்தில் பெரம்பலூர் தனி ஜில்லாவாயிற்று. 2001-ல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது; மறு வருஷமே மீண்டும் சேர்க்கப்பட்டது; 2007 நவம்பரில் மறுபடியும் தனித்து நின்றது. ஓர் ஊரை இவ்வாறு கூட்டியும் கழித்தும் விளையாடிய சர்க்கார்கள், அவ்வூர் மண்ணுக்குள் கிடந்த செல்வத்தை மட்டும் ஒருபொழுதும் கணக்கில் தவறவிட்டதில்லை.

அச்செல்வம் சுண்ணாம்புக்கல். ஏறக்குறைய 10 கோடி வருஷங்களுக்கு முன்னர் இப்பிரதேசத்தின் மீது கடல் பரவிக் கிடந்தது. கடல் வற்றிய இடத்தில் சிப்பிகளும் நத்தைகளும் பெயர் தெரியாத பிராணிகளும் கல்லாய்ச் சமைந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிளான்போர்டு, ஸ்டோலிச்கா முதலிய ஐரோப்பிய பூகர்ப்ப சாஸ்திரிகள் அக்கற்களை ஆராய்ந்து நூல்கள் எழுதினார்கள். சாஸ்திரிகளுக்குப் பின்னர் ஆலைகள் வந்தன. அண்டையிலுள்ள கல்லக்குடியில் 1939-லேயே டால்மியா சிமிண்டு ஆலை எழுந்தது. அரியலூரில் சர்க்காரின் சொந்த ஆலை 1979-ல் வேலை தொடங்கிற்று. அதன் பின்னர் தனியார் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஒரு டன் சிமிண்டுக் கட்டி செய்வதற்குச் சுமார் ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். அதை 1,450 டிகிரி உஷ்ணத்தில் சூளையில் வேகவைக்க வேண்டும். இந்த ஒரு கணக்கைக் கொண்டே, அரியலூர்ப் பூமியிலிருந்து நாள்தோறும் எவ்வளவு வெட்டி எடுக்கப்படுகிறது என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இத்தனையும் கொடுத்த ஜில்லாவின் நிலை என்ன? 2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி, ராஜ்யம் முழுவதிலும் நூற்றுக்கு 80 பேர் எழுத்தறிந்திருந்த காலத்தில், அரியலூரில் 71 பேரே எழுத்தறிந்திருந்தனர். சுண்ணாம்புக்கல் போகும் வழியிலேயே படித்த வாலிபர்களும் போய்விடுகிறார்கள். கல்லாவது சிமிண்டாகித் திரும்பி வந்து யாரேனும் ஒருவர் வீட்டுச் சுவரில் நிற்கிறது. வாலிபன் பொங்கலுக்கு வந்து மூன்றாம் நாள் ரயிலேறுகிறான்.

வாலிபனை நாம் குறை கூறவில்லை. பிழைப்பு உள்ள இடத்திற்கு அவன் போகிறான். ஆனால், என்ஜினீயரிங் கற்ற ஒருவன் தன் ஊருக்குத் திரும்பி வந்தால் அந்த ஊர் என்னவாகும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு பிரத்தியட்ச சாட்சி உண்டு. அரியலூர் வாலிபர்களும் அவர்களுடைய தகப்பன்மார்களும் அதை அறிந்திருப்பது நலம் என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகிறோம். சாட்சி இருப்பது மேற்கே, ஆனைமலையின் அடிவாரத்தில், பொள்ளாச்சியில். அவர் பெயர் ஸ்ரீ நா. மகாலிங்கம். அருட்செல்வர் என்று தமிழ்நாடு அவரை அழைத்தது.

அவரைப் பற்றிக் கூறுமுன் அவர் கற்ற கலாசாலையைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். கிண்டி என்ஜினீயரிங் கலாசாலை 1794-ஆம் வருஷத்தில் ஒரு நில அளவைப் பள்ளிக்கூடமாகப் பிறந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் புதிதாகப் பிடித்த சீமைகளை அளந்து வரி போடுவதற்கு ஆட்கள் வேண்டியிருந்தது. சீமையிலிருந்து ஆள் தருவித்தால் செலவு அதிகம். ஆகவே எட்டுப் பையன்களைச் சேர்த்துச் சங்கிலி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பின்னர் 1859-ல் அது சிவில் என்ஜினீயரிங் கலாசாலையாயிற்று. 1920-ல் கிண்டிக்குக் குடியேறிற்று. நூற்றிருபத்தைந்து வருஷங்களுக்கு மேலாக அதன் நோக்கம் ஒன்றே: பொதுமராமத்து இலாகாவுக்கு உத்தியோகஸ்தர்களைத் தயாரித்துக் கொடுப்பது. அங்கே படித்துத் தேறியவர்கள் திறமைசாலிகள் என்பதில் ஐயமில்லை. அவர்கள் கட்டிய அணைகளும் மதகுகளும் இன்றைக்கும் நிற்கின்றன. எனினும், சர்க்கார் முத்திரை பெற்ற நியமன உத்தரவு வந்து சேர்வதே அக்காலத்துக் கிண்டி மாணவனின் மோக்ஷமாக இருந்தது. ஆங்கிலேய அரசாட்சி படித்தவனிடமிருந்து பறித்த பொருள்களில், சொந்தமாக ஒரு காரியத்தைத் தொடங்கும் துணிவு முதன்மையானது என்பது நமது அபிப்பிராயம்.

இந்தக் கலாசாலையிலேதான் 1940-களில் பொள்ளாச்சி வாலிபர் மகாலிங்கம் பயின்றார். 1923 மார்ச்சு 21-ந் தேதி பிறந்தவர். தகப்பனார் ஸ்ரீ பி. நாச்சிமுத்துக் கவுண்டர் 1921-ல் மாட்டு வண்டிகளை வைத்துச் சரக்கு ஏற்றும் தொழிலைத் தொடங்கினவர். 1931-ல் ஆனைமலை பஸ் டிரான்ஸ்போர்ட் என்னும் மோட்டார்க் கம்பெனியை ஏற்படுத்தினவர். மாட்டு வண்டியிலிருந்து மோட்டாருக்குப் பத்தே வருஷத்தில் தாவிய அந்தப் பெரியவர், தம் மகன் மோட்டாரின் உட்புறத்தையும் அறிந்திருக்க வேண்டுமென்று எண்ணியது இயல்பே. மகன் படிப்பு முடிந்ததும் பொள்ளாச்சிக்கே திரும்பினார். உத்தியோகம் தேடவில்லை.

"பணக்கார வீட்டுப் பிள்ளை, கம்பெனி காத்திருந்தது, திரும்பினார். இதிலென்ன தியாகம்?" என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. தியாகம் என்னும் சொல்லை நாமும் இங்கே பிரயோகிக்கவில்லை. ஆனால் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் அந்நாளில் செய்ததென்ன என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பட்டணத்தில் பங்களா வாங்கினார்கள். வக்கீலாகப் பலகை மாட்டினார்கள். ராவ் பகதூர் பட்டத்திற்குக் காத்துக் கிடந்தார்கள். எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த பட்டறைக்குள் போய் நின்றவர்கள் சொற்பம். காந்தியடிகளிடத்தும் வடலூர் வள்ளலாரிடத்தும் பக்தி பூண்டிருந்த இந்த வாலிபர், பட்டறையைக் கேவலமாக நினைக்கவில்லை.

சுதந்திரம் வந்தபின் நடந்த முதற் பொதுத் தேர்தலில், 1952-ல், காங்கிரஸ் சார்பில் அவர் சட்டசபைக்குப் போனார். 1957-லும் 1962-லும் மீண்டும் சென்றார். பதினைந்து வருஷம். சட்டசபைக்குப் போகிற முதலாளிகள் தம் தொழிலுக்கு லைசென்சு தேடிக்கொள்வதோடு திருப்தியடைவதை நாம் ஏராளமாய்க் கண்டிருக்கிறோம். ஸ்ரீ மகாலிங்கத்தின் சட்டசபை வாழ்க்கையை நினைக்கும்போது நம் கண்முன் வருவது வேறொன்று. அது தண்ணீர்.

பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் தாலுகாக்களின் கதை அரியலூரின் கதைக்கு ஒப்பானது. மேற்கே கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஆனைமலை. அம்மலையில் பெய்யும் மழை முழுவதும் நீராறு, சோலையாறு, பரம்பிக்குளத்தாறு, தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் முதலிய ஆறுகளாய் மேற்கு நோக்கி ஓடி அரபிக் கடலில் விழும். கிழக்கே குடியானவன் ஆழக் கிணறு தோண்டி, மாடு கட்டிக் கவலை இறைத்து, அதுவும் வற்றியபின் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பான். மலைக்கு அப்பால் ஓடுகிற தண்ணீரை மலையைக் குடைந்து இப்பால் கொண்டுவர முடியாதா என்பது பழைய கேள்வி. பெரியாற்றில் பென்னிகுயிக் துரை 1895-லேயே இதைச் செய்து காட்டியிருந்தார். ஆனால் பெரியாற்றில் மலையாள சமஸ்தானத்து மகாராஜா ஒருவரிடம் கையெழுத்து வாங்கினால் போதுமாயிருந்தது. அதுவும் எப்படி வாங்கப்பட்டது என்பது தனிக் கதை. இங்கேயோ 1956-க்குப் பின் இரண்டு மொழிவாரி ராஜ்யங்கள், இரண்டு சட்டசபைகள், இரண்டு ஜனங்கள்.

பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் ஒருவருடைய சாதனை அன்று. முதன்மந்திரி காமராஜர் அதற்குத் தலைமை தாங்கினார். பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த ஸ்ரீ சி. சுப்பிரமணியம் மந்திரிசபையிலிருந்து அதைத் தள்ளிக் கொண்டு வந்தார். ஸ்ரீ வி. கே. பழனிசாமிக் கவுண்டர் பல வருஷம் அதற்காக அலைந்தார். மலையில் குடைந்தவர்களும் பாறை சரிந்து மாண்டவர்களும் பெயரில்லாத தொழிலாளர். இவர்களுக்கு நடுவே ஸ்ரீ மகாலிங்கத்தின் ஸ்தானம் யாது? ஜனங்களுக்கு வேண்டியது இன்னதென்று அறிந்த பிரதிநிதிகள் பலர் இருந்தனர். அணை கட்டத் தெரிந்த என்ஜினீயர்கள் பலர் இருந்தனர். ஜனங்களின் பிரதிநிதியாயும் என்ஜினீயரிங் பயின்றவராயும் ஒருங்கே இருந்தவர் அவர். குடியானவனின் குறையை இலாகாவின் பாஷையிலும், இலாகாவின் படத்தைக் குடியானவனின் பாஷையிலும் சொல்லத் தெரிந்தவர் சட்டசபையில் ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய அனுகூலம் என்பதை, எந்தத் திட்டத்திற்காகவேனும் கச்சேரிப் படிகளில் ஏறி இறங்கினவர்கள் நன்கறிவார்கள்.

1961-ல் பண்டித ஜவாஹர்லால் நேரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அணைகள் ஒன்றோடொன்று சுரங்கங்களால் பிணைக்கப்பட்டன. மேற்கே ஓடின ஆறுகள் கிழக்கே திரும்பின. மலையடிவாரம் நெடுக வாய்க்கால் வெட்டித் திருமூர்த்தி அணை வரையில் நீர் கொண்டுபோகப்பட்டது. 1970-ல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, தமிழ்நாட்டின் பங்கு 30.5 டி.எம்.சி.; அதாவது 3,050 கோடி கன அடி. அப்பங்கை நம்பிச் சுமார் 4 லட்சம் ஏக்கர் நிலம் மண்டலம் மண்டலமாக முறைவைத்துப் பாசனம் பெறுகிறது. தண்ணீர் முழுவதும் நியாயமாய்ப் பங்கிடப்படுகிறதென்று நாம் சொல்ல மாட்டோம். தலைமடைக்காரனுக்கும் கடைமடைக்காரனுக்கும் உள்ள வழக்குகள் இன்னும் தீர்ந்தபாடில்லை. கேரளத்தாரோடு பேச்சும் முடிந்தபாடில்லை. இருப்பினும், தண்ணீர் வருமுன் அந்தத் தாலுகாக்கள் இருந்த இருப்பையும் வந்தபின் தென்னந்தோப்புகள் எழும்பி நிற்கும் இருப்பையும் இருமுறையும் கண்ட கிழவர்கள் பேசுவதைக் கேட்டால், என்ஜினீயரிங் சாஸ்திரத்தின் மேல் எவருக்கும் மதிப்புத் தோன்றும்.

தண்ணீர் வந்தால் பயிர் வரும். பயிர் வந்தால் ஆலை வரும். பவானியாற்றங்கரையில் ஆப்பக்கூடலில் சக்தி சர்க்கரை ஆலை ஏற்பட்டது. 1961-ல் தொடங்கிய கம்பெனி அது. கரும்பு விளைவித்தவன் வெல்லம் காய்ச்சி மண்டிக்காரன் சொன்ன விலைக்குப் போட்டுவிட்டு வந்த காலம் மாறிற்று. சர்க்கரை ஆலைகளுக்கும் கரும்புக் குடியானவர்களுக்கும் பாக்கித் தொகை பற்றி நாடெங்கும் நடந்துவரும் தகராறுகளை நாம் மறந்துவிட்டு இதை எழுதவில்லை. ஆலைக்காரர் எவராயினும் பாக்கியைக் காலத்தில் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பதே நமது கட்சி.

மோட்டார்க் கம்பெனியின் பிற்காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1970-களின் தொடக்கத்தில் ராஜ்ய சர்க்கார் பெரிய பஸ் கம்பெனிகளைத் தேசிய உடைமையாக்கியது. ஆனைமலைக் கம்பெனியின் பஸ்களும் போயின. அரை நூற்றாண்டுக் காலம் தகப்பனும் மகனும் வளர்த்த தொழில் அது. பலர் இந்த நிலையில் நஷ்டஈட்டை எண்ணி வாங்கிக்கொண்டு வீட்டிலிருந்து சர்க்காரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பார்சல் சர்வீசுக்கும் மோட்டார் வியாபாரத்துக்கும் மோட்டார் உறுப்புகள் வார்க்கும் பட்டறைக்கும் கையை மாற்றினார்கள். பஸ் போயிற்று, பட்டறை அறிவு போகவில்லை.

இனி நாம் முக்கியமாகக் கூற வந்த விஷயத்துக்கு வருவோம். ஒரு கலாசாலையில் பயின்றவன் அக்கலாசாலைக்குப் பட்ட கடனை எவ்விதம் தீர்ப்பது?

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, படித்த கலாசாலைக்கே திரும்பிக் கொடுப்பது. இதற்குச் சமீப காலத்தில் பெரிய உதாரணங்கள் தோன்றியிருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் 1970-ல் ஆகாய விமான என்ஜினீயரிங்கில் எம்.டெக். தேறிய ஸ்ரீ கிருஷ்ணா சிவுகுலா, பிற்காலத்தில் இண்டோ-மிம் என்னும் உலோகத் தொழிற் கம்பெனியை ஏற்படுத்தினவர். 2024 ஆகஸ்டில் தாம் படித்த கலாசாலைக்கு 228 கோடி ரூபாய் வழங்கினார். ஆந்திர தேசத்துப் பாபட்லாவில் பிறந்தவர்; தமிழ்நாட்டில் பெற்ற கல்விக்குத் தமிழ்நாட்டிலேயே கடன் தீர்த்தார். அதே கலாசாலையில் 1970-களில் பயின்று இன்போசிஸ் கம்பெனியை நிறுவியவர்களுள் ஒருவரான ஸ்ரீ கிரிஸ் கோபாலகிருஷ்ணன், மூளையைப் பற்றி ஆராயும் நிலையம் ஒன்றை அங்கே எழுப்பப் பெரும் பொருள் கொடுத்தார். மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-ல் ஏழைத் தேசமொன்று தன் வரிப்பணத்தைப் போட்டுத் தொடங்கிய கலாசாலை அது. அங்கே குறைந்த சம்பளத்தில் படித்துக் கடல் கடந்து குபேரர்களானவர்களில் பெரும்பாலோர் பல வருஷம் அதைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. இப்போது பார்க்கத் தொடங்கியிருப்பது கண்டு மகிழ்கிறோம்.

இரண்டாம் வழி, தான் பெற்ற கல்வியைப் போல் ஒன்றைத் தன் ஊரில் உண்டாக்குவது. ஸ்ரீ மகாலிங்கம் சென்ற வழி இதுவே. பொள்ளாச்சியில் 1957-ல் தகப்பனார் பெயரால் நாச்சிமுத்து பாலிடெக்னிக் ஏற்பட்டது. அந்த வருஷத்திலேயே ஒரு கலைக் கல்லூரியும் அங்கே தோன்றிற்று. கோயமுத்தூரில் 1984-ல் குமரகுரு என்ஜினீயரிங் கல்லூரி எழுந்தது. பின்னர் 1998-ல் பொள்ளாச்சிக்கே ஓர் என்ஜினீயரிங் கல்லூரி வந்தது. இந்த வரிசையில் எதை முதலில் செய்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். பட்டம் கொடுக்கும் என்ஜினீயரிங் கல்லூரிக்கு இருபத்தேழு வருஷம் முன்னதாகவே பாலிடெக்னிக் வந்துவிட்டது. கடைசல் பிடிக்கிறவன், வார்ப்படம் வார்க்கிறவன், மோட்டார் பம்பு பழுது பார்க்கிறவன் முதலில் வேண்டும். அவர்களில்லாத ஊரில் பட்டம் பெற்ற என்ஜினீயர் வந்தாலும் நாற்காலியில் உட்கார்ந்து நாட்களை எண்ணுவதைத் தவிர அவருக்கு வேலையிராது. நம் நாட்டில் இந்த வரிசையைத் தலைகீழாக்கினவர்களே அதிகம்.

இங்கே ஒரு சங்கடமான விஷயத்தையும் பேசாமல் விடலாகாது. 1984-க்குப் பிறகு தமிழ்நாட்டில் சுயநிதிக் கல்லூரிகள் பெருகிய பெருக்கம் யாவரும் அறிந்ததே. சாராயக் குத்தகைக்காரர்களும் அரசியல் தரகர்களும் கல்வித் தந்தைகளாய் மாறிய காலம் அது. வயலை விற்றுப் பணம் கட்டின குடியானவனின் பிள்ளை பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலையின்றித் தெருவில் நிற்பதை நாம் காண்கிறோம். தனியார் கல்லூரி என்ற மாத்திரத்தில் புகழ்வதற்கு நாம் தயாராயில்லை. ஆனால் அக்கூட்டம் வருவதற்கு முன்னரே, கல்லூரி லாபம் தரும் பண்டமென்று எவரும் கனவிலும் நினையாத 1957-ல், பாலிடெக்னிக் வைத்தவரை அவர்களோடு ஒரே தராசில் நிறுப்பது நியாயமன்று.

கிண்டியில் அதே காலத்தில் படித்த மற்றொருவரையும் இவ்விடத்தில் நினைவு கூர்கிறோம். ஸ்ரீ வர்கீஸ் குரியன் கோழிக்கோட்டில் பிறந்து, கோபிசெட்டிபாளையத்தில் பள்ளிப்படிப்புப் படித்து, கிண்டியில் 1943-ல் மெக்கானிக்கல் என்ஜினீயரிங் தேறினவர். சர்க்கார் உபகாரச் சம்பளத்தில் அமெரிக்கா சென்று திரும்பியவரைச் சர்க்கார் 1949-ல் குஜராத்திலுள்ள ஆனந்த் என்னும் சிற்றூருக்கு அனுப்பிற்று. மனமில்லாமலே போனார், பத்திரத்தில் கையெழுத்திட்டிருந்ததால் போனார். போனவர் ஆயுள் முழுவதும் அங்கேயே தங்கினார். பால்காரக் குடியானவர்களின் கூட்டுறவு ஸ்தாபனம் ஒன்றை இந்தியா முழுவதும் அறியச் செய்தார். ஒருவர் தம் ஊருக்கே திரும்பினார். மற்றவர் தமக்கு முன்பின் தெரியாத ஊரைத் தமதாக்கிக்கொண்டார். இரண்டு பேரும் சர்க்கார் இலாகாவின் படிக்கட்டில் ஏறிப் பென்ஷன் வாங்கியிருந்தால் கிண்டிக் கலாசாலையின் பேரேட்டில் இரண்டு பெயர்கள் கூடியிருக்கும், அவ்வளவே.

ஸ்ரீ மகாலிங்கம் 1967-க்குப் பின் தேர்தல் அரசியலை விட்டு விலகினார். ஓம் சக்தி என்னும் மாதப் பத்திரிகையை நடத்தினார். இராமலிங்கர் பணி மன்றத்தின் மூலம் வருஷந்தோறும் அக்டோபரில் வள்ளலார்–காந்தி விழா நடத்தி வந்தார். தமிழ் நூல்களை அச்சேற்றப் பணம் கொடுத்தார். இந்தியாவின் நதிகளை இணைக்க வேண்டுமென்று ஓயாமல் பேசினார். அந்தக் கடைசி விஷயத்தில் அவரோடு நமக்குப் பூரண சம்மதமில்லை. ஆனைமலையில் ஆறு திருப்புவதும் கங்கையைத் தெற்கே திருப்புவதும் ஒரே அளவுள்ள காரியங்களல்ல. செலவும் காடழிவும் பிற ராஜ்யங்களின் சம்மதமும் பெரிய தடைகள். ஆயினும் தொண்ணூறு வயதிலும் தண்ணீரை மறவாத மனிதர் அவர். 2007-ல் சர்க்கார் அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. 2014 அக்டோபர் 2-ந் தேதி, காந்தி ஜயந்தியன்று, சென்னையில் தாம் வழக்கமாய் நடத்தும் விழாவிலேயே உயிர் நீத்தார்.

அரியலூருக்கு வருவோம். 1956 நவம்பர் 23-ந் தேதி விடியுமுன், வெள்ளத்தில் அரித்துப்போன மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கணக்கானோர் மாண்ட செய்தியால்தான் இவ்வூர்ப் பெயரை இந்தியா முழுவதும் முதலில் கேட்டது. ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி அதற்குத் தாமே பொறுப்பேற்று மந்திரி பதவியைத் துறந்தார். சாஸ்திரியின் ராஜிநாமாவை நாம் எல்லோரும் மேடைகளில் புகழ்கிறோம். அந்த வெள்ளத்தின் நீர் எங்கே போயிற்று, அதற்கு ஏன் ஒரு தேக்கம் இல்லை என்று கேட்டவர் குறைவு. ஒரு வருஷம் பாலத்தை அடித்துச் செல்லும் வெள்ளம். மறு வருஷம் குடிக்கத் தண்ணீரில்லை. இந்த ஜில்லாவின் கோளாறு இதுதான்.

இதற்கு என்ஜினீயர் இல்லையா? இருக்கிறார். அவரை வேறெங்கோ வைத்திருக்கிறோம். அரியலூரில் சர்க்கார் கலைக் கல்லூரி 1965-லிருந்து நடைபெறுகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த என்ஜினீயரிங் கல்லூரி ஒன்றும் உண்டு. 2022 ஜனவரியில் சர்க்கார் மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. அறுபது வருஷங்களாகப் பட்டதாரிகள் வெளியேறிக்கொண்டிருக்கிறார்கள். ஆலைகளில் வேலை செய்யும் உள்ளூர் என்ஜினீயர்களும் பலர். இவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் கூடி, ஜில்லாவின் ஒரே ஒரு பிரச்சினையை மேஜைமேல் வைத்து ஆராய்ந்தால் என்ன?

எந்தப் பிரச்சினை என்று கேட்பவர்களுக்கு ஒன்றைச் சுட்டிக் காட்டுகிறோம். சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்த பள்ளங்கள் ஜில்லா முழுவதும் வாய் பிளந்து கிடக்கின்றன. சிலவற்றில் மழைநீர் தேங்கி நிற்கிறது. ஆடு மாடுகளும் சில சமயம் பிள்ளைகளும் விழுந்து சாகும் அபாயமாக நிற்கிறது. எந்தப் பள்ளத்தின் நீர் குடிக்கத் தகும், எது பாசனத்துக்குத் தகும், எதன் கரையைச் சரித்துப் படி கட்டி வேலி போட வேண்டும், எதிலிருந்து எந்த ஏரிக்கு வாய்க்கால் வெட்டலாம், அக்கம்பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்டம் அதனால் ஏறுமா இறங்குமா என்பவற்றை அளந்து ஒரு படம் போடுவதற்குப் பாறை குடையும் யந்திரம் வேண்டியதில்லை. அளவைச் சங்கிலியும் மட்டம் பார்க்கும் கருவியும் பத்து மாணவர்களும் இரண்டு கோடை விடுமுறைகளும் போதும். 1794-ல் எட்டுப் பையன்களைக் கொண்டு கம்பெனியார் வரி போடுவதற்காகச் செய்த காரியம் அது. நம் பிள்ளைகள் அதை நம் தண்ணீருக்காகச் செய்யட்டும்.

இந்த ஜில்லாவிலேதான் ராஜேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தை அமைத்துச் சோழகங்கம் என்னும் பேரேரியை வெட்டினான். கங்கை வரை சென்று வந்த வெற்றிக்கு அடையாளமாக அவன் விட்டுப்போனவற்றுள் கோயிலும் ஏரியும் தலைசிறந்தவை. கோயிலை உலகம் வந்து பார்க்கிறது. பொன்னேரி என்று இன்று வழங்கும் அந்த ஏரியின் கரையில் நின்று பார்ப்பவர்களுக்கு, அதன் வரத்துக் கால்வாய்கள் தூர்ந்து கிடக்கும் நிலை வயிற்றெரிச்சலை உண்டாக்கும்.

சிமிண்டு ஆலைக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சட்டப்படி லாபத்தில் நூற்றுக்கு 2 வீதம் சமூகநலத்துக்குச் செலவிட வேண்டிய கம்பெனிகள் நாட்டில் உண்டு. 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் அதை விதிக்கிறது. சுரங்கக்காரர்கள் செலுத்தும் தொகையைக் கொண்டு ஒவ்வொரு சுரங்க ஜில்லாவிலும் ஒரு நிதி நிறுவ வேண்டுமென்று 2015-ல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. அந்த நிதியில் வரும் பணம் தையல் யந்திரம் வழங்கும் விழாக்களிலும் நிழற்குடைகளிலும் கரைந்து போகாமலிருக்க வேண்டுமானால், எதற்குச் செலவிட வேண்டும் என்று படத்தோடும் கணக்கோடும் கலெக்டரிடம் போய் உட்காரத் தெரிந்த உள்ளூர்க்காரர்கள் வேண்டும். மனுக் கொடுப்பவன் கும்பிட்டுக்கொண்டு நிற்பான். திட்டம் கொண்டுபோகிறவனை உட்கார வைத்தே பேச வேண்டியிருக்கும்.

சென்னையிலும் பெங்களூரிலும் அபுதாபியிலும் உத்தியோகத்திலிருக்கும் அரியலூர், பெரம்பலூர் என்ஜினீயர்கள் எல்லோரும் வேலையை ராஜிநாமா செய்துவிட்டு வர வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. வருகிற பொங்கலுக்கு ஊர் வரும்போது மூன்று நாளை ஐந்து நாளாக்கிக்கொண்டு வரட்டும். முதல் மூன்று நாள் வீட்டாருக்கு. நான்காம் நாள் காலையில் தாங்கள் படித்த கலாசாலையின் வாத்தியாரையும் பத்து மாணவர்களையும் அழைத்துக்கொண்டு, தத்தம் கிராமத்துக்கு அருகிலுள்ள ஒரு சுண்ணாம்புப் பள்ளத்தின் கரைக்குப் போகட்டும். நீளம், அகலம், ஆழம் அளந்து, ஒரு பாட்டிலில் தண்ணீர் மொண்டு சோதனைக்கு அனுப்பட்டும். ஐந்தாம் நாள் அந்தக் கணக்கைப் படமாக வரைந்து கலாசாலையிலேயே வைத்துவிட்டு ரயிலேறட்டும்.